வலி விட்டு விட்டு வருதா?

எங்கள் மருத்துவமனையில் ஸ்கேலக்காவுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. பெரிய டாக்டர்கூட அவர் ஜன்னலைத் தாண்டும்போது கொஞ்சம் வேகமாக எட்டி அடி வைத்துத்தான் நடப்பார். வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் முதல் ஜன்னல் அக்காவுடையது. மருந்து கொடுக்கும் மூன்றாம் ஜன்னல் என்னுடையது. நடுவில் உள்ள இரண்டாம் ஜன்னல் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. அதற்கு ஆள் போடுவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆக, பதினோரு வருடமாக அக்கா பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். நான் முணுமுணுப்பது எல்லாம் அவருக்கும் கேட்கும்.

அக்காவின் மேஜைமேல் ஓரடி மர ஸ்கேல் ஒன்று இருக்கும். பதிவேட்டில் கோடு போடத்தான் அதை வாங்கினார்கள். அக்கா அதை வைத்து வரிசையை நேராக்கினார். யாராவது பக்கவாட்டில் தலையை நீட்டினால் ஜன்னல் பலகையில் ‘டக்’ என்று ஒரு தட்டு. “பின்னாடி நாப்பது பேர் நிக்கிறாங்களே, அவங்களுக்கெல்லாம் வேலைவெட்டி இல்லையா?” என்பார். ஒருமுறை ஊரில் செல்வாக்கான ஒருவரின் மைத்துனர் வந்து, தான் யாருடைய மைத்துனர் என்று சொன்னார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அப்படியா? அவரு சௌக்கியமா? நீங்க போய் அந்தப் பச்சைச் சட்டைக்காரருக்குப் பின்னாடி நில்லுங்க” என்றார்.

கல் நெஞ்சக்காரி என்று திட்டுவார்கள். எனக்கு அவர் சொன்ன காரணம் வேறு. “தம்பி, சிபாரிசு இல்லாதவனுக்கு இந்த உலகத்துல இருக்கிற ஒரே சிபாரிசு வரிசைதான். அதையும் நான் விட்டுட்டேன்னா அவன் எங்க போவான்?”

அவர் கணவர் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். சாப்பாட்டு டப்பாவை மறந்து வந்த நாட்களில் கொண்டுவந்து கொடுப்பார். வரிசையின் கடைசியில் நின்றுதான் கொடுப்பார். “எங்க வீட்ல குளிக்கிறதுக்கே டோக்கன் உண்டு சார். என் பொண்ணு ஒண்ணாம் நம்பர், நான் ரெண்டு” என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டுவார்.

கண்ணாடிக்கடைப் பெண் முதல் தடவை வந்தது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்றால் எங்களுக்குத் திருவிழாக் கூட்டம்தான். ஞாயிறு முழுக்க வீட்டில் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்வார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். எட்டாம் மாதம். கணவனும் மனைவியுமாகக் கடைத்தெருவில் கண்ணாடி அறுத்து விற்கும் கடை வைத்திருந்தார்கள். அவன் ஏதோ ஒரு வீட்டில் ஜன்னலுக்கு அளவெடுக்கப் போயிருந்தான். இவள் தனியாக வந்திருந்தாள்.

நேராக ஜன்னலுக்கு வந்து, “அக்கா, வயிறு வலிக்குது” என்றாள்.

‘டக்’.

“வலிக்குதுன்னுதாம்மா எல்லாரும் வர்றாங்க. கடைசில போய் நில்லு, சீக்கிரம் வந்துடும்.”

அவள் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் நகர்ந்து வந்து, பூட்டிய இரண்டாம் ஜன்னலின் பலகைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். என் கைக்கு எட்டும் தூரம். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒரு பெரியவருக்கு இருமல் மருந்தை எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்கேலக்காவை மட்டும் குற்றம் சொல்கிறவர்களுக்கு நான் இதையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

நாற்பது நிமிடம் கழித்து அவள் அப்படியே சரிந்தாள். அப்போதும் தரையில் ரத்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. உடையில் கருஞ்சிவப்பாக உள்ளங்கை அகலக் கறை, அவ்வளவுதான். ஆனால் அவளைத் தூக்கியவர்களில் ஒருவர் என்னிடம் பிறகு சொன்னார்: “வயிறு கட்டை மாதிரி இருந்துச்சு சார். தொட்டதும் கத்திருச்சு அந்தப் பொண்ணு.”

உள்ளே கொண்டுபோனபோது குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டிருந்தது. தாயின் ரத்தம் உறையும் தன்மையை இழந்துகொண்டிருந்தது. நான் ரத்த வங்கிக்கும் பிரசவ வார்டுக்கும் இடையில் அன்று எத்தனை தடவை ஓடினேன் என்று கணக்கில்லை. பனிக்குடத்தை உடைத்து, பை பையாக ரத்தம் ஏற்றி, மாலைக்குள் குழந்தையை வெளியே எடுத்தார்கள். அவள் பிழைத்தாள். அவள் கணவன் வார்டு வாசலில் நின்று போட்ட சத்தம் முதல் ஜன்னல் வரை கேட்டது. “வலிக்குதுன்னு சொன்னவளை நிக்க வெச்சது யாரு? அந்த ஆளை எனக்குக் காட்டுங்க!”

யாரும் காட்டவில்லை. அக்காவே எழுந்து போனார். “நான்தான்” என்றார். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அக்கா அங்கேயே நின்றார், அவன் திட்டி முடிக்கட்டும் என்று காத்திருப்பதைப் போல. அவன் திட்டவே இல்லை. அதுதான் அவரை அதிகமாக வதைத்திருக்க வேண்டும்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். சீட்டு எழுதினார். ஸ்கேலைத் தொடவில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடிவிட்டு, பிரசவ வார்டுக்குப் போய்ப் பெரிய சிஸ்டரைப் பார்த்தார். பெரிய சிஸ்டர் என்று நாங்கள் சொல்வது அந்த வார்டின் தலைமைச் செவிலியரை. உருவத்தில் ஆள் சின்னவர்தான், குரல்தான் பெரிது. அக்காவுக்குத் துணையாக நானும் போனேன்.

“சிஸ்டர், அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

பெரிய சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “நஞ்சுக்கொடின்னு ஒண்ணு இருக்கில்ல, அது கர்ப்பப்பைச் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். குழந்தைக்கு மூச்சு, சாப்பாடு எல்லாம் அது வழியாத்தான். குழந்தை பிறந்தப்புறம்தான் அது பிரியணும். இவளுக்கு முன்னாடியே பிரிஞ்சிடுச்சு. செவுத்துல ஒட்டின போஸ்டர் ஈரத்துல பெயர்ற மாதிரி. பெயர்ந்த இடத்துக்குப் பின்னாடி ரத்தம் தேங்கும்.”

“ரத்தம் அவ்வளவா வரலையே சிஸ்டர்?”

“அதுதாம்மா இதுல இருக்கிற சூது. உள்ளேயே தேங்கி நின்னா வெளிய சொட்டுதான் வரும். சிலருக்கு அதுவும் வராது. வெளிய வந்ததைப் பாத்து எவ்வளவு போச்சுன்னு கணக்குப் போட்டா ஏமாந்துடுவோம்.”

“அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

“பிரசவ வலி அலை மாதிரி வரும், போகும். நடுவுல வயிறு தளரும். இந்த வலி விடாது. வயிறு பலகையாட்டம் இறுகிக்கிட்டே இருக்கும், தொட்டா வலிக்கும். முதுகு வலிக்கலாம். தலை சுத்தும், வேர்க்கும். குழந்தை அசையறது குறையும். ரத்த அழுத்தம் அதிகமா இருக்கிறவங்க, வயித்துல அடிபட்டவங்க, விழுந்தவங்க, சிகரெட் பிடிக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் கூடுதல் பயம். இந்தப் பொண்ணுக்கு அழுத்தம் எகிறிக் கிடந்திருக்கு. கடையில வேலைன்னு ரெண்டு மாசமா செக்கப்புக்கே வரலை.”

அக்கா கேட்க வந்ததைக் கேட்டார். “நாப்பது நிமிஷம் முன்னாடி உள்ள அனுப்பியிருந்தா குழந்தை பிழைச்சிருக்குமா?”

பெரிய சிஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர். “தெரியாது. பிழைச்சிருக்கலாம். வீட்லயிருந்து கிளம்பும்போதே போயிருக்கவும் கூடும். யாராலயும் சொல்ல முடியாது.”

‘ஆமாம்’ என்றிருந்தால் அழுதிருப்பார். ‘இல்லை’ என்றிருந்தால் ஆறியிருப்பார். ‘தெரியாது’ என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்று வார்டிலிருந்து திரும்பும்போது அக்கா படிக்கட்டில் நின்று, “தம்பி, அவ வலிக்குதுன்னு சொன்னா. என்ன மாதிரி வலின்னு நான் கேக்கல” என்றார்.

மூன்றாம் நாள் அக்கா அவளைப் பார்க்கப் போனார். நான் கூடப் போகவில்லை. என்ன பேசினார்கள் என்பது வெகு நாள் கழித்து அந்தப் பெண்ணே சொல்லித்தான் தெரியும். அக்கா கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே, “என்னை மன்னிச்சிடும்மா” என்று சொல்லியிருக்கிறார். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “உக்காருங்கக்கா” என்று மட்டும் சொன்னாளாம். அக்கா உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அவள், “எனக்கும் சொல்லத் தெரியலக்கா. முதல் பிரசவம். வலின்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சுட்டேன்” என்றாளாம்.

அடுத்த வாரம் அக்கா கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். கர்ப்பமான பெண்கள் யார் வந்தாலும் சீட்டு எழுதும் முன் சில கேள்விகள் கேட்கப் போவதாகவும், பதில் சரியில்லை என்றால் வரிசையில் நிறுத்தாமல் நேரே உள்ளே அனுப்பப் போவதாகவும் சொன்னார். கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, நீங்க சீட்டு எழுதறவங்க. கேள்வி கேக்கிறது டாக்டர் வேலை.”

“நான் வைத்தியம் பாக்கல சார். கதவைத் திறக்கறேன், அவ்வளவுதான்.”

“ஆளாளுக்கு வயித்து வலின்னு உள்ள போயிட்டா?”

“உள்ள போய் ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா நல்லதுதானே சார். வெளிய நின்னே ஒண்ணும் இல்லாம போறதுக்கு அது மேல்.”

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கங்க” என்றார். பிரசவப் பிரிவின் டாக்டரம்மா மறுபேச்சுப் பேசவில்லை. கேள்விகளை அவரே திருத்திக் கொடுத்தார். வலி விட்டு விட்டு வருதா, விடாம இருக்கா? வயிறு கல்லு மாதிரி இருக்கா? ரத்தம், தண்ணி ஏதாவது போச்சா? குழந்தை அசையுதா? தலைவலி, கண் மங்கல் உண்டா? விழுந்தீங்களா, யாராவது அடிச்சாங்களா? கடைசிக் கேள்வியை மட்டும் அக்கா ஜன்னலில் கேட்க மாட்டார். எழுந்து வெளியே வந்து காதோடு கேட்பார்.

முதல் மாதம் வார்டில் ஒரே சிரிப்பு. அக்கா அனுப்பிய ஏழு பேரில் இருவருக்கு வாயுத் தொல்லை. ஒருத்தி வழியில் எங்கும் ஒதுங்க இடமில்லாமல் மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு வந்தவள். கழிவறைக்குப் போய் வந்ததும் வலி போன இடம் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. “ஸ்கேலக்கா, இன்னைக்கு எத்தனை பலகை அனுப்புறீங்க?” என்று இளம் டாக்டர் ஒருவர் கேலி செய்தார். பெரிய சிஸ்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். “பத்துப் பேரை சும்மா அனுப்பட்டும் டாக்டர். பதினோராவது ஆளை விட்றக்கூடாது. நீங்க அனுப்புங்கம்மா.”

இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரு காலையில் வரிசை நகர்ந்து நகர்ந்து வந்து, கண்ணாடிக்கடைப் பெண் ஜன்னல் முன் நின்றாள். இந்தத் தடவை கணவனும் கூட. அக்காவின் பேனா பதிவேட்டின்மேல் அப்படியே நின்றது.

“ரெண்டரை மாசம்க்கா” என்றாள் அவள்.

அக்கா சட்டென்று எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். பெயர், வயது எல்லாம் தெரிந்தும் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த ஒரு வரி மட்டும் கோணிக்கொண்டு போனது. சீட்டை நீட்டும்போதுதான் கேட்டார்: “வேற எங்கயாவது போயிருக்கலாமேம்மா? இங்கயே வந்திருக்க?”

“இங்க இருக்கிறவங்களுக்குத்தானே எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்” என்றாள் அவள்.

டாக்டரம்மா அவர்களிடம் எதையும் மூடி மறைக்கவில்லை. நஞ்சுக்கொடி ஒரு தடவை முன்னாலேயே பிரிந்தவர்களுக்கு மறுபடி அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று சொன்னார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின், அடிக்கடி பரிசோதனை. “இதெல்லாம் கண்டிப்பா தடுத்துடும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வந்தா, நேரத்தோட பிடிச்சுடலாம். அதுக்கு நீங்க எனக்கு உதவி பண்ணணும்.” மாத்திரைகளை என் ஜன்னலில்தான் வாங்குவார்கள். அவன் மாத்திரை அட்டையைக் கண்ணாடி அளவெடுப்பது போல உயர்த்திப் பிடித்து எண்ணிப் பார்ப்பான். கடைக்குள் புகைப்பதை விட்டுவிட்டதாக ஒருநாள் தானாகவே சொன்னான். “அவ மூக்குக்கு எதுக்கு சார் அந்தப் புகை?” என்றான்.

செக்கப்புக்கு அவள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அக்கா ஒரு துண்டுச் சீட்டில் தன் மேஜைத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்திருந்தார். “எந்த நேரம்னாலும் கூப்பிடு. நான் சீட்ல இல்லாத நேரம்னா இந்தத் தம்பி எடுப்பான்.” என்னைக் கேட்காமலே எனக்கும் ஒரு வேலையைப் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுக்க முடியுமா?

ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி. வரிசையில் முப்பது பேராவது இருந்தார்கள். தொலைபேசி அடித்தது. அக்கா ஒரு கையால் சீட்டு எழுதிக்கொண்டே எடுத்தார். எழுதுவதை நிறுத்தினார்.

“வலியா? எப்பலேர்ந்து? ... வலி விட்டு விட்டு வருதா?”

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மருந்து எண்ணுவதை நிறுத்தினேன்.

“விடவே இல்லையா? சரி, படுத்திருக்கியா? வயித்து மேல கையை வை. மெதுவா. தளருதா? ... தளரலையா? ... ரத்தம்? ... இல்லையா, சரி. குழந்தை எப்பம்மா கடைசியா அசைஞ்சுது?”

அந்தப் பக்கத்தில் அவள் கணவன் போனை வாங்கியிருக்க வேண்டும். அக்காவின் குரல் மாறியது. “ரத்தம் இல்லன்னா என்ன தம்பி? ரத்தத்துக்காகக் காத்திருக்காத. சாயங்காலம் செக்கப்புன்னா சாயங்காலம் வரைக்கும் நஞ்சு பொறுத்துக்குமா? இப்பவே கிளம்பு. ஆம்புலன்ஸ் கூப்பிட்டியா? எவ்வளவு நேரமாம்? ... இருபத்தஞ்சு நிமிஷமா? உன் வேன்ல எவ்வளவு? ... பத்துதானே? அப்ப வேன்லயே வா. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வை. சாப்பிட, குடிக்க எதுவும் குடுக்காத. பின்வாசல் கேட்டுக்கு வா, நான் நிக்கிறேன்.”

தொலைபேசியை வைத்தார். எழுந்தார். இத்தனை வருடத்தில் முப்பது பேரை நிற்க வைத்துவிட்டு அவர் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. இரைச்சல் கிளம்பியது. “அம்மா, சீட்டு!” “எங்க போறாங்க இவங்க?” முன்னால் நின்ற ஒருவர் ஜன்னலைத் தட்டினார். அக்கா திரும்பி, “ஒரு உசிரு வருது. இல்ல, ரெண்டு. கொஞ்சம் பொறுங்க” என்றார். பிறகு ஓடினார். கொஞ்சம் பருமனான உடம்பு. அவர் ஓடி நான் பார்த்ததும் அன்றுதான். நான் என் ஜன்னலை இழுத்து மூடிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

வார்டு வாசலில் பெரிய சிஸ்டரிடம் மூச்சு வாங்க அக்கா சொன்னது நான்கே வார்த்தை: “கண்ணாடிக்கடைப் பொண்ணு. பலகை. வர்றா.”

பெரிய சிஸ்டர் வேறெதுவும் கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்கு ஆள் போனது. மயக்க மருந்து டாக்டருக்கு ஆள் போனது. என்னை ரத்த வங்கிக்குத் துரத்தினார். அவள் ரத்த வகை அட்டையில் முன்பே இருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு அக்கா பின்வாசல் கேட்டுக்குப் போய்விட்டார்.

வேன் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை, அக்கா சொன்னார். கண்ணாடிப் பாளங்களைச் சாய்த்து வைக்கும் மரச் சட்டங்கள் உள்ள வேன். யாரோ சொல்லியிருந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்றை அன்று ஏற்றி வைத்திருந்தார்களாம். அவன் அதை நடைபாதையில் எடுத்துப் போட்டுவிட்டு, சட்டங்களுக்கு நடுவில் மெத்தையை விரித்து அவளைக் கிடத்திக் கொண்டுவந்திருந்தான். பக்கத்துக் கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து, அவள் உருளாமல் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவள் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆனால் நினைவு இருந்தது. அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அசையலக்கா, அசையல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

உள்ளே இரண்டு கைகளிலும் ஊசி ஏறியது. ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு செவிலியர் அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நின்றார். ஏழு நிமிடத்துக்குள் உறைகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஸ்கேன் கருவி வந்தது. நான் ரத்தப் பையோடு வாசலில் நின்றபோது உள்ளிருந்து இளம் டாக்டரின் குரல் கேட்டது. முன்பு கேலி செய்தாரே, அவர்தான்.

“மேடம், குழந்தைக்குத் துடிப்பு இருக்கு. தொண்ணூறுதான். நஞ்சுக்கொடிக்குப் பின்னாடி ரத்தக்கட்டு எதுவும் தெரியல. ஸ்கேன்ல நல்லாத்தான் இருக்கு.”

“ஸ்கேன்ல தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. வயித்துல கை வெச்சுப் பாருங்க. கை என்ன சொல்லுது?”

“பலகை, மேடம்” என்றார் அவர்.

“தியேட்டருக்குத் தள்ளுங்க. இப்பவே.”

கதவு மூடியது. வெளியே நாங்கள் மூன்று பேர். கண்ணாடிக்கடைக்காரன் கைகள் இரண்டிலும் சின்னச் சின்னக் கீறல்கள். கண்ணாடியை அவசரத்தில் எடுத்துப்போட்டபோது பட்டிருக்க வேண்டும். அக்கா தன் கைக்குட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டு துடைக்காமல் வைத்திருந்தான். “ரத்தமே இல்லையேக்கா, சாயங்காலம் போலாம்னு நான்தான் சொன்னேன்” என்றான். அக்கா அவன் தோளில் கை வைத்தார். “நானும் ஒரு நாள் அப்படித்தான்ப்பா சொன்னேன்” என்றார்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சத்தம் நின்றுவிட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை கோபமாக. அழுகைதான், சந்தேகமே இல்லை.

பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு. முதலில் மூச்சுக்குத் தவித்ததாம்; முகமூடி வைத்துக் காற்றைக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டது. நஞ்சுக்கொடியின் பின்னால் ஒரு கைப்பிடி அளவுக்கு உறைந்த ரத்தம் இருந்ததாக டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். கர்ப்பப்பை கன்றிப்போய் நீலமாக இருந்தது. சுருங்க மாட்டேன் என்று கொஞ்ச நேரம் அடம்பிடித்தது. மருந்து கொடுத்து, கையால் பிடித்து அழுத்தியதும் சுருங்கியது. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். குழாயில் எடுத்த ரத்தம் ஆறாம் நிமிடத்தில் உறைந்துவிட்டது. போன தடவை உறையவே இல்லை. அதனால் அந்தச் செய்திக்கு நாங்கள் எல்லோரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று வெளியாளுக்குச் சொன்னால் புரியாது.

“இன்னும் முழுசா கரையேறல. ரெண்டு நாள் ரத்தப்போக்கு, சிறுநீர், அழுத்தம் எல்லாம் கண்ல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும்” என்று டாக்டரம்மா எச்சரித்தார். போகும்போது அக்காவிடம் நின்றார். “அரை மணி நேரம் போயிருந்தா நான் வேற சேதி சொல்லிக்கிட்டு இருப்பேன்” என்றார். அக்கா தலையாட்டினார்.

நாங்கள் ஜன்னலுக்குத் திரும்பியபோது முப்பது பேரும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் முந்தவில்லை, ஒருவரும் போய்விடவும் இல்லை. முதலில் ஜன்னலைத் தட்டியவர்தான் கேட்டார். “என்னம்மா ஆச்சு, அந்த ரெண்டு உசிரும்?”

“இருக்கு” என்றார் அக்கா. “ரெண்டும் இருக்கு.” பேனாவை எடுத்தார், எழுத முடியவில்லை. கண்ணைத் துடைத்தார். மறுபடி எழுதப் பார்த்தார். வரிசையிலிருந்த ஒரு அம்மாள், “மெதுவா எழுதுங்க தாயி, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார். அந்த ஜன்னலில் யாரும் அவரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

குழந்தை ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. “எங்க தொழில்ல பிறந்த பொண்ணு, கண்ணாடிக்குள்ளதான் இருக்கும்” என்று அப்பன்காரன் நான்காம் நாளே ஜோக்கடிக்க ஆரம்பித்துவிட்டான். தாய்க்கு மூன்றாம் நாள் அழுத்தம் ஒரு தடவை ஏறி எல்லோரையும் கலக்கிவிட்டு, மாத்திரையை மாற்றியதும் இறங்கியது. அக்கா தினமும் சாப்பாட்டு நேரத்தில் மேலே போவார். ஒருநாள் நான் போனபோது அந்தப் பெண் கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துளை வழியாகக் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்கா. இருவரும் முதல் குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது ஆண் குழந்தை, தலை நிறைய முடி என்று அன்றைக்குத்தான் அவள் அக்காவிடம் சொன்னாள்போலிருக்கிறது. அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: மூக்கு யார் மாதிரி, நிறம் யார் மாதிரி என்று. நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் குழந்தை தாயின் நெஞ்சுக்கு வந்தது. பதின்மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். ஆறு வாரம் கழித்துத் தாய்க்குப் பரிசோதனை. வரிசையில் நின்றே வந்தாள். அக்கா சீட்டு எழுதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். குழந்தையை அந்த இடைவெளி வழியாக அவளே உள்ளே கொடுத்தாள். எடை மூன்று கிலோ எழுநூறு ஆகியிருந்தது.

“அழுத்தம் எவ்வளவு இருக்கு? மாத்திரை ஒழுங்கா போடறியா?” என்று அக்கா கேட்டார்.

“நூத்தி இருபதுக்கு எண்பதுக்கா. டாக்டரம்மா ஒரு மாத்திரையை நிறுத்திட்டாங்க.”

குழந்தை அக்காவின் தோளில் தாடையை வைத்து என்னைப் பார்த்தது. பிறகு, வாயைத் திறந்து, குடித்த பாலில் ஒரு பங்கை அவர் முதுகுப் பக்கம் வழியவிட்டது. அக்காவுக்குத் தெரியவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடிக்கடைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று மாலை வரை, முதுகில் அந்த வெள்ளைக் கறையோடு, அக்கா நூற்றுப் பத்துப் பேருக்குச் சீட்டு எழுதினார்.